சிவப்புப் புள்ளி வைத்த பிஸ்டன்கள்

அண்ணியின் நகப்பூச்சு பாட்டிலை எடுத்து அண்ணன் பிஸ்டன்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றின் தலையையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, சாக்கின் மேல் வரிசையாகக் காயவைத்தான்.

அண்ணி கீர்த்தனா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அது இன்னாத்துக்கு?" என்றாள்.

"அடையாளம். நம்ம பிஸ்டன எடுத்து ஒளிச்சி வெச்சிகினு வேற குப்பைய உருக்கிட்டான்னா?"

"உருக்கின பிறவு பொட்டு எங்க தெரியும்?"

"உருக்கறதுக்கு முன்ன பாக்கத்தான்."

"யாரு பாக்கறது?"

அண்ணன் நிமிராமல் பிரஷ்ஷால் என்னைக் காட்டினான். அண்ணி சிரித்தாள். "நல்ல காவலு. திருடன் வந்தா அவனுக்கு வழி உட்டு நிப்பா."

பள்ளிக்கூடம் நின்ற பிறகு வீட்டில் எப்போதும் இருப்பவள் நான்தான். எதற்காவது ஆள் உட்கார வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அண்ணன் ஜெகதீசன் சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்தான். அங்கே அவன் வேலை கதவுக்கு ரப்பர் மாட்டுவது. கதவு வரும், மாட்டுவான். அடுத்த கதவு வரும். காரின் மற்ற பாகமெல்லாம் யார் கையில் உருவாகிறது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, முழுக் காரையும் நானே செய்யப்போகிறேன் என்றான். கருங்குழியில் எங்கள் வீட்டை ஒட்டி நெல் மூட்டை அடுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. மூட்டைகள் வெளியே போயின, இரும்பு உள்ளே வந்தது. அண்ணி அப்போதே சொன்னாள்: "இந்தக் கொட்டகை தீப்புடிச்சா நான் ஒரு சொம்பு தண்ணி ஊத்த மாட்டேன்."

எஞ்சின், ஜிஎஸ்டி ரோட்டில் அடிபட்டு நொறுங்கிய ஒரு வேனுடையது. கியர்பாக்ஸ் பழைய டாக்ஸி ஒன்றிலிருந்து கழற்றியது. இரண்டையும் முட்டவைத்துப் பார்த்தால் இதன் போல்ட் ஓட்டை ஒரு பக்கம், அதன் ஓட்டை ஒரு பக்கம். நடுவில் ஒரு தட்டு வேண்டும். ஒரு முகத்தில் எஞ்சினின் ஓட்டைகள், மறு முகத்தில் கியர்பாக்ஸின் ஓட்டைகள். அந்த மாதிரித் தட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. வார்த்துத்தான் எடுக்க வேண்டும். பிஸ்டன் அலுமினியத்தில் வார்த்தால் உறுதி அதிகம் என்பதால் அச்சரப்பாக்கம் வரை மெக்கானிக் கடை மெக்கானிக் கடையாக ஏறி இறங்கிப் பழைய பிஸ்டன்கள் சேர்த்தான்.

அதற்கு முன்பு யாரோ ஒருவன் இரும்புக்கு முலாம் பூசி, பித்தளை என்று சொல்லி பெல்ட் மாட்டும் புல்லி ஒன்றை அவன் தலையில் கட்டிவிட்டான். அதிலிருந்து அண்ணன் உப்பு வாங்கினால்கூட நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.

மறுநாள் காலை பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் சாக்கு, பின்னால் நான், என் மடியில் பழைய பீரோ கதவை அறுத்து அவன் செய்த மர அச்சு. பாலாற்றைத் தாண்டி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போனோம். கோட்டைச் சுவருக்கு அப்பால், சவுக்குத் தோப்பை ஒட்டி, தாவீது என்பவரின் கொட்டகை இருந்தது. படகு விசிறி, பம்பு விசிறி எல்லாம் வார்ப்பவர். தரையில் குழி அடுப்பு, அதற்குக் காற்று ஊதும் மோட்டார், உலோகம் உருக்கும் கறுப்பு மூசை. அண்ணனைவிட வயதில் நிறைய மூத்தவர். முன்கையெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைத் தழும்பு.

சாக்கைக் கொட்டியதும் தாவீது சம்மட்டியை எடுத்தார்.

"தாவீதண்ணே, உடைக்காத," என்றான் அண்ணன்.

"உடைச்சாதான் தம்பி உள்ள அழுக்கு கிழுக்கு தெரியும். சீக்கிரமும் உருகும். நான் எப்பவும் உடைச்சிதான் போடுவேன்."

"உடைச்சிட்டா எது என்னுது, எது உன்னுதுன்னு எப்படித் தெரியும்? புள்ளி தெரியற மாதிரி முழுசா போடு. இவ பாத்துகினு இருப்பா."

தாவீது என்னைப் பார்த்தார். "பாப்பா போலீசா?"

"போலீசுதான். பேசாத போலீசு."

"சரி."

"இன்னொண்ணு. மூசையில ஒண்ணும் நிக்கக் கூடாது. எல்லாத்தியும் ஊத்திடணும்."

"அடிமண்டி வேணாம் தம்பி. கசடு பூரா அடியிலதான் தங்கும். அத நான் உட்டுடுவேன்."

"உட்டது யாருக்கு? உனக்கா?"

தாவீது சம்மட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. தெரியாததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"உன் சாமான், உன் இஷ்டம்," என்றார். "ஒண்ணு சொல்றேன் கேளு. போன மாசம் நான் வார்த்த விசிறி ஒண்ணு பாறைல பட்டு உடைஞ்சிபோச்சி. மெட்டல்ல கலப்படம்னு படகுக்காரங்க பேசிகினு கீறாங்க. அவங்க தலைவரு அப்பாசாமிதான் எனக்காகப் பேசிகினு கீறாரு. இன்னொரு புகாரு போச்சின்னா அவரும் கைய விட்டுடுவாரு. அப்பால இந்த அடுப்புல நான் கெழங்குதான் சுடணும். அதனால உன் வேலைல விளையாட மாட்டேன்."

அண்ணன் தலையாட்டினான். மாமல்லபுரத்தில் ஏதோ ரிசார்ட்டில் கழித்துப்போட்ட ஜீப்பின் சீட்டு இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். பைக்கை உதைக்கும்போது என் காதருகே குனிந்து சொன்னான்: "டீ குடுத்துப் பேச்சுக் குடுப்பாங்க. நீ கண்ண எடுக்காத."

டீ வந்தது. தாவீதின் மனைவி சந்திரம்மா கொண்டுவந்தார். நான் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். ஆடை படிந்து, எறும்பு வந்து, அது அங்கேயே இருந்தது.

"குடிக்கல?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"மருந்து எதுவும் வெக்கல. சக்கரதான் கம்மி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குள் தாவீது பிஸ்டன்களைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். எண்ணெய் கழுவ என்றார். நான் எழுந்து மூலை வரை போனேன். அடிபம்பு சத்தம் கேட்டது. அவர் முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் வேறு ஒரு சாக்கும் கிடந்தது. அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. திரும்பிக் கொண்டுவந்தபோது புள்ளிகளைப் பார்த்தேன். இருந்தன. இரண்டொன்று தேய்ந்திருந்தன. கழுவினால் தேயும்தான். மாற்றிவிட்டு அவசரமாகப் புள்ளி வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். சந்திரம்மாவின் கால் நகத்தைப் பார்த்தேன். அதில் பூச்சு ஏதும் இல்லை.

பிஸ்டன்கள் முழுசாக, புள்ளி மேலே தெரிய, மூசைக்குள் போயின. மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரத்தில் துணி கருகும் வாடை வந்தது.

தாவீது மூக்கைச் சுளித்தார். "ஏ, துணி ஏதாவது விழுந்துச்சா?"

"இன்னா துணி?" என்றார் சந்திரம்மா உள்ளிருந்து. "உன் லுங்கியப் பாத்துக்கோ. ஏற்கெனவே சல்லடையா கீது."

அவர் லுங்கியைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அது நாடகம் மாதிரி இருந்தது. எதையோ உள்ளே போட்டுவிட்டு, வாடை வந்ததும் தெரியாததுபோல் கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து வெள்ளைப் பொடியைப் போட்டார். நீளக் கரண்டியால் மேலே மிதந்த கறுப்பு ஆடையை வழித்து ஒரு டின்னில் தட்டினார். அந்த டின்னையும் நான் கவனித்தேன். ஏடு என்று சொல்லி நல்லதையும் வழித்து வைக்கலாமே.

நடுவில் அப்பாசாமி வந்தார். வெள்ளை மீசை, தோளில் நனைந்த துண்டு. "நம்ம விசிறியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. கருங்குழித் தம்பி ஒருத்தரு வூட்லயே காரு செய்யறாரு. அதுக்கு ஒரு தட்டு."

"வூட்லயே காரா? அப்ப நான் வூட்லயே கடல செஞ்சிடறேன்." என்னைப் பார்த்தார். "இது யாரு?"

"பேசாத போலீசு," என்றார் தாவீது. இருவரும் சிரித்தார்கள். நான் மூசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மர அச்சைப் பதித்து எடுத்த மண் பள்ளம் தயாராக இருந்தது. மூசையை இடுக்கியால் தூக்கி, ஒரு மூலையில் தொடங்கி ஊற்றினார். பால் மாதிரி வழுக்கி ஓடியது. முக்கால்வாசி போனதும் நிறுத்தினார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மூசையின் வாயைப் பார்த்தேன். அடியில் இன்னும் பளபளப்பாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

"உங்க அண்ணன் கேட்டது," என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் கவிழ்த்தார். கடைசியாக ஏதோ கெட்டியாக நழுவி மூலையில் விழுந்தது. ஒரு குமிழி வந்து அடங்கியது.

கருங்குழியில் சடையப்பனின் லேத் பட்டறை எங்கள் தெரு முனையில்தான். தட்டின் இரண்டு முகத்தையும் அவர் சீவி எடுத்தபோது வெள்ளி மாதிரி மின்னியது. அண்ணன் அதைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்த சிரிப்பு. ஓட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அலுமினியச் சுருள் நீளமாகச் சுற்றிச் சுற்றி வந்தது.

மூலை ஓட்டையில் டிரில் பாதி இறங்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். டிரில் முனை முறிந்து பறந்து சுவரில் அடித்தது.

சடையப்பன் மெஷினை நிறுத்தினார். வேறு முனை மாட்டினார். அதுவும் வழுக்கிச் சுற்றியது, கீச்சென்று கத்தியது, முறிந்தது. காந்தம் ஒன்றை எடுத்து, ஒரு கம்பி நுனியில் ஒட்டி ஓட்டைக்குள் விட்டார். பிடித்து இழுத்தது.

"மச்சான், இது அலுமினியம் இல்ல. அலுவா," என்றார். "உள்ள முந்திரி கீது."

"உள்ள இரும்பா?"

"காந்தம் பொய் சொல்லுமா? உன் பிஸ்டன எடுத்துகினு கண்ட ஸ்கிராப்பும் போட்டு உருக்கிட்டான். நட்டு, ஆணி, இன்னா கீதோ."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நீ பாத்துகினுதான இருந்த?"

நான் தலையாட்டினேன்.

"எங்கனா தூக்கினு போனானா?"

கழுவப் போனதைச் சொன்னேன். துணி வாடையையும் சொன்னேன். டின்னைப் பற்றியும். கேட்கக் கேட்க அவன் முகம் இறுகியது. நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் சேர்த்துக் கேட்டபோது ஒரு திருட்டின் கதை மாதிரி இருந்தது.

"போன்ல கேட்டா மழுப்பிடுவான்," என்றான். "காலைல படகெல்லாம் கரைக்கு வர்ற நேரத்துக்குப் போறேன். அப்பாசாமி கையிலயே இந்தத் தட்டக் குடுக்கறேன். அப்பால அந்த ஊர்ல அவன் ஒரு மோதிரம் கூட வார்க்கக் கூடாது."

"குடு குடு," என்றார் சடையப்பன். "முறிஞ்ச டிரில்லயும் எடுத்துகினு போ."

அன்று சாப்பிடும்போது அண்ணன் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "உள்ள இன்னா கீதுன்னு எடுத்துப் பாத்தியா?"

"எடுத்துப் பாக்க இன்னா கீது. இரும்பு."

"சின்னதா, பெருசா?"

"சின்னதா இருந்தா மன்னிச்சிடுவியா?"

ரசம் தட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. அண்ணி கரண்டியை வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனாள். எப்போதும் இப்படி ஏதாவது கெட்டால் அவள்தான் முதலில் பேசுவாள்: நான் அப்பவே சொன்னேன் என்று. இன்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. 

ரவிக்கைக்கு ஊக்கு தைக்க அவள் தையல் டப்பாவைத் திறந்தபோது பார்த்தேன். மஞ்சள் ரவிக்கைத் துண்டு ஒன்று மடித்திருந்தது. அதன் ஓரத்தில் உள்ளங்கை அளவு சதுரமாகக் கிழித்திருந்தது.

சதுரத்தைப் பார்த்ததும் பின்கட்டு அறை ஞாபகம் வந்தது. அந்த அறை கட்டியபோது நிலை வைக்கும் நாளில், நிலைக்காலின் அடியில் நவதானியம் போட்டால் போதும் என்றாள் அம்மா. அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. எங்க வூட்டுப் பக்கம் காசும் போடுவாங்க என்று ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, யாரும் பார்க்காதபோது குழிக்குள் போட்டாள். பார்த்தால் பலிக்காதாம். நான் பார்த்தேன். என்னை அவள் ஆள் கணக்கில் சேர்க்கவில்லை.

பிஸ்டனின் உள்பக்கம் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். எண்ணெயும் கரியும் அப்பியிருக்கும். அதில் ஒரு சின்ன முடிச்சை அழுத்தினால் ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீரில் முக்கி எடுத்தாலும் விழாது. சம்மட்டியால் உடைத்தால்தான் விழும்.

துணி கருகிய வாடை மறுபடி மூக்கில் வந்தது.

அண்ணியிடம் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வாள்? கொட்டகை எரிந்தால் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்றவள் எதற்காகக் காசு முடிந்து வைத்தாள்? நல்லதுக்கு முடிவார்கள். வேறு எதற்காவது முடிவார்களா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் கேட்டால் இரண்டாவதைத்தான் நினைப்பான். நான் சொன்னால் இந்த வீடு தாங்காது. சொல்லாவிட்டால் தாவீதின் அடுப்பில் கிழங்குதான் சுடுவார்கள். வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. விடிவதற்குள் அண்ணியே சொல்லிவிடுவாள் என்று பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

அண்ணன் தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, "நீயும் வா, சாட்சிக்கு," என்றான்.

படகுகள் வந்துவிட்டிருந்தன. வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் அப்பாசாமி நின்றார். அண்ணன் அவரிடம் போய்ப் பேசுவதும், தட்டை எடுத்துக் காட்டுவதும், முறிந்த டிரில் முனைகளை உள்ளங்கையில் வைப்பதும் தெரிந்தது. எல்லோருமாகக் கொட்டகைக்கு நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.

தாவீது மண் சலித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சல்லடையைக் கீழே வைத்தார்.

"யோவ் தாவீது," என்றான் அண்ணன். 'அண்ணே' போய் 'யோவ்' வந்திருந்தது. "இன்னாத்த உருக்கின?"

"நீ குடுத்தத."

"நான் குடுத்ததுல இரும்பு எப்படி வரும்? வளையம், பின்னு எல்லாத்தியும் நானே கழட்டினேன்."

தாவீது தட்டை வாங்கிப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டார். மறுபக்கம் திருப்பினார். படகுக்காரர்களில் ஒருவன், "நம்ம விசிறியிலயும் இதான் கீதோ," என்றான். இன்னொருவன், "அதான் பாறை பட்டதும் புட்டுகிச்சி," என்றான். 

அப்பாசாமி மட்டும் கேட்டார்: "தாவீது, நீ சொல்லுப்பா. போட்டியா, இல்லியா?"

"போடலண்ணே. உள்ள கீறது இன்னான்னு எனக்குத் தெரியல. எடுத்துப் பாக்கலாம். எல்லாரும் இருந்து பாருங்க."

"தட்டு கெட்டுடும்," என்றான் அண்ணன்.

"அது இப்ப நல்லாவா கீது?" என்றார் சந்திரம்மா.

தாவீது அடுப்பை மூட்டினார். தட்டின் அந்த மூலையை மட்டும் நெருப்பில் காட்டினார். உருகுவதற்குக் கொஞ்சம் முந்தின சூட்டில் அலுமினியம் வெல்லக்கட்டி மாதிரி ஆகிவிடும். இடுக்கியால் வெளியே எடுத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினார். மூலை பொடிந்து மண்ணில் உதிர்ந்தது. உதிர்ந்ததில் வட்டமாக ஒன்று உருண்டு நின்றது. வாளித் தண்ணீரில் போட்டார். சீறி அடங்கியது. எடுத்து மண்ணில் தேய்த்தார்.

ஒரு ரூபாய்.

காசின் ஒரு பக்கத்தில் டிரில் கடித்த வடு இருந்தது. தாவீது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாசாமியிடம் நீட்டினார். அப்பாசாமி வாங்கவில்லை. "மூசைல காசு எப்படிப்பா வரும்?" என்றார்.

"அவன் பாக்கெட்லேர்ந்து விழுந்திருக்கும்," என்றான் அண்ணன். "இல்லன்னா அவனே போட்டிருப்பான். இன்னா மந்திரமோ மாயமோ."

"நான் கோயில்ல போடற காசயே சந்திரம்மா புடுங்கிக்குவா," என்றார் தாவீது. யாரும் சிரிக்கவில்லை. படகுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் திரும்பி நடக்கத் தொடங்கினான். அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். அவரும் கிளம்பப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அது எங்க வூட்டுக் காசு," என்றேன்.

சத்தம் மெதுவாகத்தான் வந்தது. அண்ணனுக்குக் கேட்டுவிட்டது.

"இன்னா?"

"நிலைக்கால்ல போட்ட மாதிரி. மஞ்சத் துணில முடிஞ்சி. பிஸ்டன் உள்ள." அடுப்பைக் கைகாட்டினேன். "துணி வாடை வந்துச்சில்ல. அதுதான்."

"யாரு போட்டது?"

கேட்கும்போதே அவன் கண்ணில் அண்ணியின் பெயர் வந்துவிட்டது.

"அவரு உடைச்சிப் போடறேன்னாரு," என்றேன். "உடைச்சிருந்தா வெளிய விழுந்திருக்கும். முழுசா போடச் சொன்னது நீ. அடிமண்டி வேணாம்னு சொன்னாரு. காசு அடியிலதான் கெடந்திருக்கும். அதயும் ஊத்தச் சொன்னது நீதான்."

அவ்வளவு பேர் முன்னால் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

போகத் தொடங்கியவன் திரும்பி வந்தான். அப்பாசாமி காசை இப்போது வாங்கிப் பார்த்தார். "அடப்பாவிங்களா, காருக்கு நிலைக்காலா," என்றார். "அந்த ஆளு பொழப்பே போயிருக்கும்யா." காசை அண்ணன் கையில் வைத்துவிட்டு, "தாவீது, நம்ம பம்பு விசிறிய நாளைக்கு எடுத்துக்கறேன்," என்று சொல்லி நடந்தார். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள்.

அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்: "மறுபடி எப்ப ஊத்தலாம்?"

"பிஸ்டன் கொண்டா. புள்ளி வெச்சாலும் வெச்சிக்கோ, பூ வெச்சாலும் வெச்சிக்கோ. நான் உடைச்சிதான் போடுவேன். அடிமண்டி என்னுது."

"சரிண்ணே," என்றான்.

சந்திரம்மா டீ கொண்டுவந்தார். நான் வாங்கிக் குடித்தேன். சர்க்கரை உண்மையிலேயே கம்மிதான்.

திருக்கழுக்குன்றம் தேரடி தாண்டியதும் அண்ணன் பைக்கை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டான்: "கெட்டுப் போவட்டும்னுதான போட்டா?"

"தெரியாது," என்றேன். அதுதான் உண்மை.

வீட்டில் அண்ணி தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் காசைக் கிரைண்டர் மேடை மேல் வைத்தான். அவள் மோட்டாரை நிறுத்தினாள். காசைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆள் கணக்கில் சேர்த்த பார்வை.

"ஆமா. நான்தான்," என்றாள்.

"எதுக்கு?"

"வண்டி சீக்கிரம் ஓடட்டும்னு. அது ஓடினாத்தான நீ கொட்டகைய வுட்டு வெளிய வருவ. குளிப்ப. வேலைக்குப் போவ."

"நீ வண்டியப் பாத்து சாபம் குடுத்துகினு இருந்தவ."

"வாயால குடுத்தேன். கையால குடுக்கல."

"சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்ல."

"சொன்னா நீ உட்டிருப்பியா? அந்தக் காசுக்கும் ஒரு பொட்டு வெச்சிருப்ப."

அண்ணன் கொட்டகைக்குப் போனான். அவன் அதை நம்பினானா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து கொட்டகைக்குப் பூட்டு வந்தது. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

பிஸ்டன் சேர்க்க மறுபடி அலைந்தான். சேர்ந்ததும், "நீயும் வா. உன் கண் முன்னாலயே ஊத்தட்டும்," என்று அண்ணியைக் கூப்பிட்டான். சண்டை எதுவும் போடாமல் கிளம்பினாள். நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம், அவன் சாக்கோடு பைக்கில் வந்தான்.

தாவீது ஒவ்வொரு பிஸ்டனாகக் கல்லின் மேல் வைத்து உடைத்தார். கரிக்கட்டிதான் விழுந்தது. மூசையில் போடும் முன் அண்ணியைப் பார்த்து, "ஏம்மா, கையில ஏதாவது கீதா?" என்றார். 

அண்ணி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சந்திரம்மா சிரித்தார். அண்ணனும் கொஞ்சம் சிரித்தான்.

உருகியது. ஏட்டை வழித்தார். ஊற்றினார். முக்காலுக்கு மேல் போனதும் நிறுத்தி, அடிமண்டியை மூசையோடு தனியாக மணலில் கவிழ்த்தார். "பாத்துக்கோ," என்றார் அண்ணனிடம்.

அது ஆறிக் கெட்டியாகும்வரை அண்ணன் குந்தி உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு குச்சியால் புரட்டினான். ஒன்றுமில்லை. இன்னொரு முறை புரட்டினான். 

அண்ணி சவுக்கு மர நிழலில் நின்று அவன் புரட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் காற்றில் அவள் முந்தானை பறந்து முன்னால் வந்தது. நுனியில் சின்னதாக, காசளவில் வட்டமாக ஒரு முடிச்சு இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். அவசரப்படாமல் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.